எட்டாம் வாய்க்கால் ஸ்ரேசன்

கிளிநொச்சிக்கு மேற்கே, உருத்திரபுரம் குடியேற்றத்தில், எட்டாம் வாய்க்கால் பக்கத்து வீடுகளில் கமலாசனியிடம் சட்டை தைக்காத பெண்பிள்ளை இல்லை. அளவு நாடா கழுத்தில் தொங்க, உதட்டில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, வந்தவளை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பாள். அதோடு அளவு எடுத்தாயிற்று. பிறகு நாடாவைப் பிடிப்பதெல்லாம் வந்தவளின் மனத்திருப்திக்குத்தான். "உனக்கு இடப்பக்கத் தோள் கொஞ்சம் பதிவு. சட்டையில தெரியாமல் தைச்சு விடுறன்" என்பாள். சொன்னபடியே தைத்தும் கொடுப்பாள்.

ஊரில் அவளுக்கு மலாயாக்காரி என்று பெயர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் புருஷன் கதிர்காமநாதனுக்கு வயல்காணி கிடைத்து, கைக்குழந்தையோடும் ஒரு தையல் மெசினோடும் அவள் வந்து இறங்கியபோது, மலாயாவில் பிறந்து வளர்ந்தவள் இந்தக் காட்டில் ஒரு மாரி தாங்கமாட்டாள் என்று அயலவர்கள் தமக்குள் கதைத்துக்கொண்டார்கள். அவள் பல மாரி தாங்கினாள். ஆனை வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போன காலையில், சாய்ந்த வாழையில் இருந்து பொத்தியை வெட்டிக் கறி வைத்துவிட்டு, அன்று பின்னேரமே புது வாழைக்குட்டி நட்டாள். மலாயா எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு, அங்கே மழை கூட என்று மட்டும் சொல்வாள். அதற்குமேல் ஒன்றும் வராது.

சொல்ல இருந்தது நிறைய. தகப்பன் ஐயாத்துரை இளவயதிலேயே கைதடியில் இருந்து கப்பலேறிப் போய், கோலாலம்பூரில் றெயில்வே பட்டறையில் படம் வரைகிற வேலையில் இருந்தவர். அவர்களுக்குக் கிடைத்த வீடு ஆளுயரத் தூண்களின் மேல் நின்ற மரவீடு. அதன் கீழே, மழை படாத நிலத்தில், அவர் ஒரு சின்ன றெயில்பாதை போட்டார். கமலாசனியின் ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த, சாவி முறுக்கினால் ஓடுகிற பச்சை எஞ்சின்தான் அதன் ஆரம்பம். மற்றதெல்லாம் கையால் செய்தது: பெட்டிகள், கைகாட்டி மரங்கள், மலைக்குள் போகிற சுரங்கம், பாதை பிரிகிற இடங்கள். சோறு வடிக்கப் பழகுமுன்பே ஈயம் உருக்கிப் பற்றவைக்கப் பழகியவள் அவள். ஒரு வளைவு எவ்வளவு அகலமாக இருந்தால் பெட்டி கவிழாது, ஏற்றம் எவ்வளவு மெதுவாக இருந்தால் எஞ்சின் மூச்சு வாங்காது என்பதெல்லாம் அவளுடைய விரல்களுக்குத் தெரியும்.

பிறகு யப்பான்காரன் வந்தான். றெயில் வேலை தெரிந்தவர்களைச் சயாம் எல்லையில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஐயாத்துரை திரும்பி வரவில்லை. காய்ச்சலில் போனார் என்று, கூடப் போய் உயிரோடு வந்த ஒருவர் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அரிசி கிடைக்காத அந்த நாட்களில் பச்சை எஞ்சினைத் துடைத்து எண்ணெய் போட்டு, தண்டவாளங்களைக் கட்டாகக் கட்டி, சந்தியில் இருந்த கடைக்குக் கமலாசனியே சுமந்துபோய்க் கொடுத்து அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கி வந்தாள். அழவில்லை. வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவுதான். சண்டை முடிந்து தாயோடு கைதடிக்கு வந்தாள், கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். விளையாட்டு றெயில் என்ற ஒன்று தன் வாழ்க்கையில் இருந்ததைச் செத்தவரின் உடுப்பை மடித்து வைப்பதுபோல் மடித்து உள்ளே வைத்துவிட்டாள். புருஷனுக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும்.

அறுபத்திரண்டில், காலபோக அறுவடை முடிந்த ஒரு மாசி மாதப் பின்னேரம் அது. முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தாள். கோழியைத் துரத்த ஒரு தடியோடு கதிரையில் இருந்தவளுக்கு முன்னால், மூத்த மகள் சிவனேஸ்வரி மண்ணில் குந்தியிருந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பத்து வயது. ஒன்றைத் தொடங்கினால் முடிக்காமல் சாப்பிட வரமாட்டாள். மீன் அடைத்து வந்த வெறும் ரின்கள் மூன்றைக் கயிற்றால் கோத்து, சோடாமூடிகளைச் சில்லாக்கி, நிலத்தில் இரண்டு கோடு ஆழமாகக் கீறி, அந்தக் கோட்டுக்குள் சில்லு ஓடும்படி இழுத்தாள். நேராகப் போகும்வரை நன்றாகத்தான் போனது. மாமரத்தடியில் கோடு திரும்பும் இடத்தில் நடுரின் கவிழ்ந்தது. நிமிர்த்தி இழுத்தாள். திரும்பவும் கவிழ்ந்தது. ஆறு வயதுத் தங்கச்சி விமலேஸ்வரி ஒவ்வொரு முறையும் கைதட்டினாள்.

கமலாசனி கோழியை மறந்துவிட்டாள்.

"வளைவு இறுக்கம், பிள்ளை. அகட்டிக் கீறு."

"அகட்டினால் மாமரத்தில முட்டும்."

"அப்ப மரத்தைச் சுத்திப் போ. றெயில் எங்கயும் அவசரப்பட்டுத் திரும்பாது."

சிவனேஸ் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சட்டையைப் பற்றிக் கதைக்கும்போது வருகிற அதே குரல். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் றெயில் விட்டனான்" என்றாள் கமலாசனி.

அன்று நெல் அள்ள நேரம் பிந்தியது. மரவீட்டின் கீழே ஓடிய பச்சை எஞ்சினின் கதையை முதன்முதலாக அவள் முழுக்கச் சொன்னாள். அப்பப்பா, அம்மப்பா என்ற உறவெல்லாம் படத்திலும் இல்லாத பிள்ளைகளுக்கு, ஐயாத்துரை என்ற மனிதர் அன்றுதான் ஆளாக வந்தார். அவர் எப்படிச் செத்தார் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது நெஞ்சு கனக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். கனக்கவில்லை. கைதான் துருதுருத்தது.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. தையல் வேலையில் மிஞ்சிய நூற்கட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. நூற்கட்டையின் இரண்டு தலைப்பும் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். அந்தத் தலைப்பை மெல்லிய வாளால் அரிந்தெடுத்தால், தண்டவாளத்தை விட்டு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் விளிம்போடு அச்சான றெயில்சில்லு. இது அவளுக்கு இப்போது தோன்றிய யோசனை. ஐயாத்துரைக்கே தெரியாது. தேயிலைப் பெட்டியின் ஓரங்களில் அடித்திருக்கும் தகரப்பட்டிகளைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் கேட்டு வாங்கி, நீளப்பாட்டில் மடித்துத் தண்டவாளம் செய்தாள். பனஞ்சலாகையைத் துண்டு துண்டாக நறுக்கிக் குறுக்கே அடித்தாள். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் மூன்று விரல் அகலம்.

எஞ்சினுக்கு விசை வேண்டும். அதற்காகப் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனாள். பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்ட ஞானப்பிரகாசம் என்பவர் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தார். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போக, கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையில் தொழில் தேடியவர். ஓடாத சுவர் மணிக்கூடு ஏதும் இருக்கிறதா என்று கமலாசனி கேட்டாள். ஒன்று இருந்தது. பெட்டி கறையான் அரித்துப் போய், நேரம் காட்டுகிற பக்கம் தேய்ந்து முடிந்திருந்தது.

"நேரம் காட்டுற பக்கம் எனக்கு வேண்டாம். மணி அடிக்கிற பக்கத்து விசை மட்டும் போதும்" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்டார். றெயில் ஓட்ட என்றாள். ஞானப்பிரகாசம் கண்ணில் இருந்த கண்ணாடிக் குழாயைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு என்று இருந்த கதிரையை இழுத்துப் போட்டார். மணி அடிக்கிற பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டு விசிறி உண்டு. அது காற்றைத் தள்ளிக்கொண்டு சுற்றுவதால்தான் மணி அவசரப்படாமல் நிதானமாக அடிக்கிறது. அந்த விசிறியோடு சேர்த்து எடுத்தால் எஞ்சின் பாய்ந்து கவிழாமல் ஒரே சீராக ஓடும் என்பது அவள் கணக்கு. அவர் அதைக் கேட்டுச் சிரித்துத் தலையாட்டினார். விலையாக, மாதா கோயிலில் மகள் முதல் நன்மை எடுக்கிற நாளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துத் தரும்படி கேட்டார். மகள் றோஸ்மேரி கடைக்குள்தான் நின்றாள். கமலாசனி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தாள். சம்மதம் என்றாள்.

பங்குனி முடிவதற்குள் வீட்டு விறாந்தையில் பலகை போட்டு, அதன் மேல் முட்டை வடிவில் பாதை வந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் செய்த எஞ்சின், கறுப்பு மை பூசி, புகைபோக்கி வைத்து, பார்க்க உண்மையான இரவு மெயில் கோச்சியின் எஞ்சின்போலவே நின்றது. முதல்முறை சாவியை முறுக்கிக் கையை எடுத்தபோது அது ஒருகணம் தயங்கியது. பிறகு கிர்ரென்று ஒரு சத்தத்தோடு நகர்ந்து, வளைவில் சாயாமல் திரும்பி, அவள் முழங்காலடிக்கு வந்து சேர்ந்தது. கமலாசனி தன்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கிணற்றடியில் நின்ற கதிர்காமநாதன் வாளியை வைத்துவிட்டு வந்து பார்த்தார். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கைகாட்டி வேண்டும், கடவைக்குப் படலை வேண்டும், பெட்டியின் யன்னல் இன்னும் ஒரு நூல் சிறுக்க வேண்டும். சிவனேஸ் ஒட்டிய கூரை கோணல் என்று கழற்றித் திரும்ப ஒட்டினாள். விமலி பொம்மையைப் பெட்டிக்குள் ஏற்றினால், பொம்மை ஆனை அளவில் இருக்கிறது, இறக்கு என்றாள். எஞ்சினைத் தூக்குகிறவர்கள் கை கழுவிவிட்டு வரவேண்டும், சாவி முறுக்குவதென்றால் தன்னிடம் கேட்கவேண்டும் என்று சட்டமும் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எஞ்சின் நாளுக்கு நாள் நன்றாக ஓடியது.

சித்திரை வருஷம் பிறந்து கொஞ்ச நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அவள் பலகைக்கு முன்னால் குந்தியிருந்து எஞ்சினின் ஒரு பல்லுச் சில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதன் வெற்றிலைத் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல.

"இஞ்சேரும், ஒண்டு கேக்கட்டோ? உது ஆற்ர றெயில்?"

"பிள்ளையளின்ர" என்றாள், தலை நிமிராமல்.

"அப்ப பிள்ளையள் எங்க?"

கமலாசனி நிமிர்ந்து பார்த்தாள். விறாந்தை வெறுமையாக இருந்தது. நேற்று யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று யோசித்தாள். முந்தநாள்? நினைவு வரவில்லை. கையில் இருந்த குறட்டை வைத்துவிட்டு எழுந்து வீட்டின் பின்பக்கம் போனாள்.

கிணற்றில் இருந்து வாழைக்குப் போகிற சின்ன வாய்க்காலின் கரையில், பிள்ளைகள் இரண்டும் முழங்கால்வரை களிமண்ணோடு நின்றன. அவர்களுக்கு முன்னால் எட்டாம் வாய்க்கால் முழுதும் கிடந்தது. களிமண்ணில் பிடித்த வீடுகள், ஓட்டுத்துண்டுக் கூரைகளோடு. தண்ணீர் திறக்கிற கதவு, கோயில், சங்கக்கடை, நெல்லுச்சாக்குகள், வெயிலில் காய்ந்து வெடித்த எருமைகள். பொம்மைக்கும் அங்கே ஒரு வீடு இருந்தது, அதன் அளவுக்குப் பெரிதாக. எல்லாவற்றுக்கும் நடுவில் நீளமான ஒரு மேடை, அதன்மேல் ஒரு கொட்டகை. பலகைத்துண்டில் கரியால் சிவனேஸின் கொட்டை எழுத்து: எட்டாம் வாய்க்கால்.

எட்டாம் வாய்க்காலில் ஸ்ரேசன் கிடையாது. றெயில் ஏற வேண்டுமானால் வண்டில் பிடித்தோ பஸ்ஸிலோ கிளிநொச்சிக்குத்தான் போகவேண்டும். அந்த மேடைக்கு முன்னால் நிலத்தில் இரண்டு கோடு கீறியிருந்தது. கோட்டில் பழைய மீன்ரின்கள்.

"ஏன் பிள்ளை விறாந்தைக்கு வரேல்லை?" என்று கேட்டாள்.

சிவனேஸ் கோபமாகப் பதில் சொல்லவில்லை. களியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். "அது உங்கட றெயில்தானே அம்மா. அதில எனக்குச் செய்ய ஒண்டும் இல்லை."

கமலாசனிக்கு அந்தச் சொல் வலித்தது. ஆனால் பொய் இல்லை என்பதும் தெரிந்தது. அன்று முழுக்க மெசினில் இருந்து தைத்தாள். கால் மிதிக்க மிதிக்க, மரவீட்டின் கீழ்ப் பாதையை மனதில் ஒருமுறை சுற்றி வந்தாள். அதுவும் ஐயாத்துரையின் பாதைதான். அவள் ஆணி எடுத்துக் கொடுத்தாள், ஈயம் உருக்கினாள், சொன்ன இடத்தில் பிடித்தாள். ஒரே ஒருமுறை, அவர் பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில், தன்பாட்டில் ஒரு கிளைப்பாதையைக் குசினிப் படி வரைக்கும் போட்டாள். வேலை முடிந்து வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஒரு வண்டியை அந்தப் பாதையில் விட்டார். அவருடைய அந்தப் பெரிய வேலை முழுவதிலும் இன்றைக்கும் கண்ணை மூடினால் துல்லியமாகத் தெரிவது தான் போட்ட அந்தக் கோணல் துண்டு மட்டும்தான் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணி குடித்த கையோடு, விறாந்தைப் பாதையை ஆணி ஆணியாகக் கழற்றினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது தண்டவாளமெல்லாம் வாய்க்கால் கரையில் அடுக்கியிருந்தது. எஞ்சின் ஸ்ரேசன் மேடையில் நின்றது.

"உன்ர ஊருக்கு றெயில்பாதை எங்கால போகுது எண்டு நீ சொல்லு. போட ஏலுமோ ஏலாதோ எண்டு நான் சொல்லுறன்" என்றாள்.

சிவனேஸ் கை கழுவப் போனாள். கழுவத் தேவையில்லை என்று கமலாசனி சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த வாக்குவாதங்களை அயலவர்கள் வேலிக்கு மேலால் கேட்டு ரசித்தார்கள். பாதை, களியில் பிடித்த குளக்கட்டின் மேல் ஏறிப்போக வேண்டும் என்றாள் மகள். எஞ்சின் ஏறாது என்றாள் தாய். ஏற்றிப் பார்த்தார்கள். பாதிக்கட்டில் மூச்சடைத்து நின்று பின்பக்கமாக வழுக்கியது. அப்படியானால் குளக்கட்டையே வெட்டிப் போகலாம் என்றாள் மகள். கட்டை வெட்டினால் ஊர் வெள்ளத்தில் போகும் என்றாள் தாய். கடைசியில் கட்டின் ஓரமாக மெதுவாக உயர்ந்து, உண்மைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்கு மேலால் ஒரு பாலம் போட்டுக் கடப்பதென்று முடிவாயிற்று. பாலம் சிவனேஸின் யோசனை. கால்களை எவ்வளவு நெருக்கி நடுவது என்பது கமலாசனியின் கணக்கு. கூரைகள் கோணலாகவே இருந்தன. எருமைகள் பெட்டிகளைவிடப் பெரிதாக நின்றன. பொம்மையை விமலி ஸ்ரேசன் மாஸ்ரர் ஆக்கினாள். முதலில் கமலாசனியின் கண் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. அதற்குப் பிறகு எருமை சிறிதாக இருந்திருந்தால்தான் குறையாகத் தெரிந்திருக்கும்.

ஆடி மாதம் கிளிநொச்சியில் குடியேற்றச் சங்கங்கள் சேர்ந்து ஒரு விவசாயக் கண்காட்சி வைத்தன. எட்டாம் வாய்க்கால் சங்கத்துத் தலைவர் அப்புத்துரை வந்து பார்த்துவிட்டு, நெல்லும் பூசணிக்காயும் எல்லாரும் வைப்பார்கள், இதைக் கொண்டுவந்தால் நம்முடைய கொட்டகையில் சனம் நிற்கும் என்றார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். வெளியூரார் வந்து அப்படி ஒரு ஸ்ரேசன் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஏலாது, பலகையில் கிளிநொச்சி என்று மாற்றலாமே என்றார். சிவனேஸ் தாயைப் பார்த்தாள். கமலாசனி, ஊர் அவளுடையது, பலகையும் அவளுடையது, மாற்றுவதானால் அவளிடம்தான் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்புத்துரை பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தார். பலகை மாறவில்லை.

பலகைகளில் புதிதாகக் களி பூசி, ஊரை அதன்மேல் திரும்பக் கட்டி, வண்டிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வாய்க்காலுக்குத் தகரத்தட்டில் தண்ணீர் விட்டார்கள். பாதை ஒரு வட்டம். கிளிநொச்சியில் புறப்பட்டு, பாலம் கடந்து, எட்டாம் வாய்க்காலைத் தாண்டித் திரும்பக் கிளிநொச்சிக்கு வரும். கண்காட்சி திறந்த காலையில், பரந்தனில் இருந்தும் வட்டக்கச்சியில் இருந்தும் வந்த சனம் மேசையை நெருக்கியது. றெயில் ஓடுகிறதாம் என்ற கதை பரவிப் பின்னால் இருந்தவர்கள் தள்ள, முன்னால் இருந்தவர்கள் மேசையில் சாய்ந்தார்கள். ஓட்டத்தில் இருந்த எஞ்சினை யாரோ ஒருவர் ஆர்வத்தில் கையால் மறித்துப் பிடித்தார். விட்டபோது உள்ளே படீரென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது.

விமலி அழத் தொடங்கினாள். கமலாசனி எஞ்சினைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். விசைச்சுருள் அறுந்துவிட்டது. றோஸ்மேரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஞானப்பிரகாசம் கூட்டத்தை விலக்கி வந்து பார்த்தார். சுருள் போனால் போனதுதான், கொழும்பில் இருந்து வேறு எடுப்பித்துத்தான் போடவேண்டும் என்றார்.

"எங்க அறுந்தது எண்டு பாப்பம். வெளித்தலைப்பில எண்டால் வழி இருக்கு" என்றாள் கமலாசனி.

எஞ்சினை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாள். சுருள் பாய்ந்து கையைக் கிழிக்காமல் சேலைத்தலைப்பால் சுற்றிப் பிடித்துக் கழற்றினாள். அறுந்தது வெளித்தலைப்புத்தான். முறிந்த முனையைச் சிரட்டைக்கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டாள். அப்படி ஆறினால் உருக்கு இளகும், துளை போடலாம். ஞானப்பிரகாசம் தன் கடைக்கு ஓடிப்போய்த் துளை போடுகிற பொளியும் குறடும் கொண்டுவந்தார். அவர் பிடிக்க அவள் துளைத்தாள். கொக்கியில் மாட்டி மூடினாள். நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது சனம் கலையாமல் நின்றது.

சாவி முறுக்கி விட்டார்கள். எஞ்சின் ஓடியது. ஆனால் அறுந்த முனை போனதால் சுருள் முந்தியதைவிட நீளம் கட்டை. வட்டத்தைச் சுற்றி முடிக்க அதற்குப் பலம் இல்லை. பாலத்தைக் கடந்து, ஸ்ரேசனுக்குக் கொஞ்சம் முன்னால் ஓய்ந்து நின்றுவிட்டது. கமலாசனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் இன்னும் கொஞ்சம் விடலாமா, ஏற்றத்தை இன்னும் தாழ்த்தலாமா என்று மனம் ஓடியது.

"அம்மா, கடைசிப் பெட்டியைக் கழட்டுங்கோ" என்றாள் சிவனேஸ்.

"கழட்டினாலும் வட்டம் வராது, பிள்ளை."

"வட்டம் வேண்டாம். இஞ்ச வந்தால் காணும்" என்று மகள் ஸ்ரேசன் மேடையைத் தொட்டுக் காட்டினாள்.

கமலாசனி கடைசிப் பெட்டியைக் கழற்றினாள். சாவியை மகளிடம் கொடுத்தாள். சிவனேஸ் முறுக்கினாள். எஞ்சின் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டு, கட்டின் ஓரத்தால் ஏறி, தண்ணீருக்கு மேலால் பாலத்தைக் கடந்து, வேகம் குறைந்து குறைந்து, யாரும் தொடாமலே எட்டாம் வாய்க்கால் மேடைக்கு நேரே வந்து நின்றது. உண்மையான றெயில் ஸ்ரேசனுக்கு வருகிற மாதிரியே வந்து நின்றது என்று அங்கே நின்ற ஒரு றெயில்வே ஊழியர் பிறகு சொன்னாராம். எட்டாம் வாய்க்கால்காரர்கள் அந்த நேரத்தில் போட்ட சத்தத்தில், பூசணிக்காய்க் கொட்டகையில் நின்றவர்களும் ஓடி வந்தார்கள். எங்கள் ஊருக்குக் கோச்சி வந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு நாள் முழுக்க அதே ஓட்டம்தான். ஒவ்வொரு முறையும் மேடைக்கு நேரே நின்றதா என்று பார்க்கவே சனம் காத்து நின்றது.

வயதான ஒரு கமக்காரர் மேசைக்குக் கிட்ட வந்து பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, இந்த ஸ்ரேசன் உண்மையிலேயே வரப்போகிறதா என்று விசாரித்தார்.

"பிள்ளை போட்டிட்டாள், ஐயா. இனி அரசாங்கம் போடுறதுதான் மிச்சம்" என்றாள் கமலாசனி.

அரசாங்கம் போடவில்லை. ஆனால் கொழும்பில் இருந்து புதுச் சுருள் வந்தது. ஞானப்பிரகாசம் தானே பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். சிவனேஸ் தன் எஞ்சினில் அதைப் போட விடவில்லை. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறதை ஏன் குழப்புவான் என்று கேட்டாள். கமலாசனி பழைய சுருளை அப்படியே விட்டாள். புதுச் சுருளை வைத்துத் தனக்கென்று இன்னொரு எஞ்சின் செய்யத் தொடங்கினாள். இதில் கை வைக்கிறவர்கள் கை கழுவ வேண்டும் என்ற பழைய சட்டம் திரும்பவும் வந்தது. இந்த முறை பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். தாய்க்குத் தாயின் எஞ்சின், மகளுக்கு மகளின் ஊர் என்பது அந்த வீட்டில் ஒப்பந்தமாகிவிட்டது.

ஐப்பசியில் வானம் கறுத்தபோது, மழை தொடங்கினால் களிமண் ஊர் கரைந்துவிடும் என்ற கவலை வந்தது. பாதைக்கு உள்ளே இடம் வேண்டும் என்று கமலாசனி புருஷனிடம் சொன்னாள். விறாந்தை போதாது, மாங்குளம் ஸ்ரேசன் வரைக்கும் நீட்டப்போகிறோம், நெல்லு அடுக்கிற அறைதான் வேண்டும் என்றாள். அப்ப நெல்லை எங்கே அடுக்குவது என்று கதிர்காமநாதன் கேட்டார். அதற்கும் அவள் அளவு எடுத்து வைத்திருந்தாள். சாமியறைக்குப் பக்கத்துச் சுவரோடு எத்தனை சாக்கு நிற்கும், கட்டிலுக்குக் கீழே எத்தனை போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அவர் சால்வையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் சாக்கைத் தோளில் ஏற்றினார். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு தட்டில் எருமைகளை ஏந்திக்கொண்டு, தூறல் விழுந்த முற்றத்தால் உள்ளே ஓடி வந்தார்கள்.